பதினைந்தாவது படத்தின் கீழே

எங்கள் விடுதியின் வரவேற்பறைச் சுவரில் பதினாலு படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் விடுமுறைக்கு வந்து தங்கியவர்கள் எடுத்து, ஊருக்குப் போய் அச்சுப் போட்டு அனுப்பியவை. பாறையில் மோதி உடைகிற அலை, பழைய படகுத்துறையின் கடைசிக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, மழை விட்ட சாயங்காலத்தில் உப்பங்கழி, ஈர மணலில் தன் நிழலையே கொத்துகிற உள்ளான் குருவி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். 'எடுத்தவர்' என்று ஒரு வரி, 'இடம் காட்டியவர்' என்று ஒரு வரி. எடுத்தவர்கள் பதினாலு பேர். இடம் காட்டியவர் மட்டும் ஒரே ஆள்: ஓட்டுநர்.

பெயரைப் போட்டால் ஆளுக்கு ஆள் தலைக்கனம் ஏறும், செய்கிற வேலையை மட்டும் போடு என்பது முதலாளியம்மாவின் கட்டளை. சீட்டு எழுதுவது நான். வரவேற்பு மேசையில் சாவி கொடுப்பதும் வாங்குவதும் என் வேலை. கையெழுத்து பார்க்கிற மாதிரி இருந்ததால் இதுவும் என் தலையில் விழுந்தது. அந்த ஓட்டுநர் என் அக்காவின் கணவர். அத்தானுக்குத் தலைக்கனம் ஏறப் பெயர் ஒன்றும் தேவைப்படவில்லை. தினமும் காலையில் வண்டிச் சாவி வாங்க வரும்போது அந்தச் சுவரைக் கடைசிப் படம் வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். வீட்டைப் பூட்டியவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அத்தான் முதலில் மீனுக்கு ஐஸ் ஏற்றும் லாரி ஓட்டினார். பிறகு பள்ளிக்கூட வேன். விடுதிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. காமிரா பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை விருந்தினர் ஒருவர் ஆசையாகப் பார்க்கக் கொடுத்தபோது, காமிராவில் வைத்த கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் வானத்தைப் பார்த்து, "பிரமாதம் சார்" என்று திருப்பிக் கொடுத்தவர். ஆனால் வெளிச்சம் தெரியும். எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் கண்ணாடி வழியாக வந்து கண்ணைக் குத்தும், எந்தத் திருப்பத்தில் அது முதுகுப் பக்கம் போய்விடும் என்பது இருபது வருஷமாக அவர் நெற்றிச் சுருக்கத்தில் பதிந்திருந்தது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் படம் நன்றாக வரும் என்று யாரோ சொன்னார்கள். அது போதும் அவருக்கு. லாரிக் காலத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க ஒதுங்கிய இடங்கள், வேறு அவசரத்துக்கு ஒதுங்கிய இடங்கள் எல்லாம் திடீரென்று மதிப்புப் பெற்றன.

அந்த இடங்களை ஒரு நீல அட்டை நோட்டில் குறித்துவைத்திருந்தார். இடத்தின் பெயர் இருக்காது. எண்ணும் நேரமும் மட்டும்தான். நான்காம் நம்பர், சாயங்காலம் ஐந்தரை. பதினேழாம் நம்பர், மழை விட்டு அரை மணி. நோட்டு எங்காவது தொலைந்து, எவன் கையிலாவது கிடைத்தாலும் அவன் அதைவைத்துப் பிழைக்கக் கூடாது என்பது கணக்கு.

பொறாமை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் அது ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கைபேசியில் வரைபடம் பார்த்து யாராவது இடம் விசாரித்தால், "அப்ப அதையே வண்டி ஓட்டச் சொல்லுங்க" என்பார். பக்கத்து விடுதி ஓட்டுநர் நண்டுகள் கூட்டமாக ஏறும் கரை ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று கேள்விப்பட்ட அன்று அத்தான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஏழாம் எண் அறையில் தங்கிய ஒரு பெண், குளியலறை ஜன்னல் வழியாகவே ஒரு பருந்தை அழகாகப் படம் எடுத்துவிட்டாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் அந்த ஜன்னலை நோட்டில் முப்பத்திரண்டாம் நம்பராக எழுதிக்கொண்டார். "குழாய் ஒழுகுதுன்னு அந்த ரூமுக்குள்ள முதல்ல போனது யாரு? நான்தானே" என்று என்னிடம் விளக்கம் வேறு.

அக்கா விடுதியின் சலவை அறையைப் பார்த்துக்கொள்கிறாள். பத்து அறைகளின் விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் அவள் பொறுப்பு. விடியும் முன்பே இயந்திரத்தை ஓடவிட்டு, வெளிச்சம் வரும்போது ஈரத் துணிக் கூடையோடு மொட்டைமாடியில் இருப்பாள். ஏழு கொடிகள். அங்கிருந்து பார்த்தால் ஆறு கடலில் சேரும் இடம், நடுவில் மணல்திட்டு, தண்ணீர் வற்றினால் வெளியே தெரியும் சேறு, அதில் வந்து இறங்கும் வெள்ளைப் பறவைகள் எல்லாம் தெரியும். கண்ணுக்குக் கிட்டத்தில் இருந்தாலும் பாலம் சுற்றிப் போக ஆறு கிலோமீட்டர். அத்தான் நோட்டில் அந்த மணல்திட்டு ஒன்பதாம் நம்பர்.

ஒன்பதாம் நம்பர்தான் அத்தானுக்குக் கைவராத இடம். அதற்குக் காரணம் பல் டாக்டர்.

பல் டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வந்து தங்குவார். குள்ளமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் பையைவிட அவர் லென்ஸ் நீளம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். கரண்டிவாயன் சிறகை விரித்துத் தரையில் இறங்கும்போது, அந்தக் கரண்டி மாதிரியான அலகோடு முகம் நேராகத் தெரிய வேண்டும். நாலு வருஷமாக வருகிறார். நாலு வருஷமும் அத்தான் அவரை இருட்டு பிரிவதற்குள் ஒன்பதாம் நம்பருக்குக் கூட்டிப்போய், எழுகிற சூரியனை முதுகில் வைத்து நிறுத்தியிருக்கிறார். நாலு வருஷமும் பறவைகள் டாக்டருக்கு வாலைக் காட்டிக்கொண்டுதான் இறங்கியிருக்கின்றன. பல்லுக்கும் எண் உண்டு என்பதால் அவருக்கு அத்தானின் நோட்டு மிகவும் பிடிக்கும். "ஒன்பதாம் நம்பரைப் பிடுங்கிட வேண்டியதுதான் போல" என்று சிரிப்பார். அத்தான் சிரிக்க மாட்டார்.

ஐந்தாவது வருஷம் முதல் நாளும் அதேதான் நடந்தது. எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். நாலாம் எண் அறையில் பல்பு போய்விட்டதென்று மாற்றப் போயிருந்தேன். அக்கா கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து காமிராவின் பின்பக்கத்தில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்ததோ என்னவோ, அக்காவிடம் நீட்டினார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எல்லாமே முதுகா இருக்கே சார். இப்படி நின்னா கொக்கா, கரண்டிவாயனான்னு யாருக்குத் தெரியும்?"

"அதுக்கு என்னைக் கண்டாலே ஆகல போலம்மா."

"அப்படி இல்ல சார். விடியக்காலையில காத்து நிலத்துலேருந்து கடலுக்குப் போகும். பறவை எப்பவும் காத்துக்கு முகம் குடுத்துத்தான் இறங்கும். நீங்க கடல் பக்கமா நிக்கறீங்க, அதான் வால் தெரியுது. ஒன்பது மணி வாக்கில துணி திரும்பும். அதுக்கப்புறம் எல்லாம் கடலைப் பார்த்துத்தான் இறங்கும். நீங்க அதே இடத்துலயே நில்லுங்க."

"துணி திரும்புமா?"

அவள் அவரை மாடிக்குக் கூட்டிப்போனாள். பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். விரிப்புகள் எல்லாம் கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. கொடியின் முனையில் ஒரு காக்கை எங்களுக்கு முகத்தைக் காட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. "இதுகூட காத்துக்கு முதுகு காட்டாது சார். இறகு கலைஞ்சிரும்" என்றாள் அக்கா. கொஞ்ச நேரத்தில் துணிகள் அசைவை நிறுத்தி நேராகத் தொங்கின. பத்து நிமிஷம் அப்படியே. பிறகு ஒரு மூலை மெதுவாக நிலத்தின் பக்கம் தூக்கியது. அப்புறம் எல்லாம் சேர்ந்து திரும்பின. காக்கை எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, கடலைப் பார்த்து உட்கார்ந்தது. டாக்டர் காக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யார் செருப்பு எந்தப் பக்கம் தேயும் என்பது வரைக்கும் தெரியும். அந்தக் காக்கை எந்தப் பக்கம் திரும்பி உட்காரும் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று உறுத்தியது. எனக்கே அப்படி என்றால் அத்தானுக்குக் கேட்க வேண்டுமா.

டாக்டர் நேராக வண்டிக் கொட்டகைக்குப் போய், நல்ல சேதி சொல்கிற உற்சாகத்தோடு சொல்லிவிட்டார். உங்கள் வீட்டம்மாவுக்கு என்ன கண், நாளைக்கு ஒன்பது மணிக்குப் போவோம் என்று. அத்தான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும், படம் வெளிறிப்போகும், விடிகாலை வெளிச்சம் மாதிரி வராது என்று மரியாதையாகச் சொன்னார். டாக்டர் தயங்கி, ஓட்டுநர் மனம் கோணக் கூடாது என்று, சரி, விடிகாலையிலேயே போவோம் என்றார்.

அவர் போனதும் அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் மச்சான், ஈரத் துணியைப் பார்த்து இடம் சொல்றவங்களுக்கெல்லாம் இனிமே லைசென்ஸ் குடுத்துரலாமா?"

அன்று சாயங்காலம் வீட்டில், அதாவது விடுதிக்குப் பின்னால் நாங்கள் மூவரும் இருக்கும் இரண்டு அறையில், அத்தான் தன் நீலச் சட்டை காய்ந்துவிட்டதா என்று கேட்டார். "அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், வெளிச்சம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க" என்றாள் அக்கா. கொட்டகையில் பேசியது அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லவில்லை. சலவை அறையின் ஜன்னல் கொட்டகைப் பக்கம்தான் திறக்கும்.

இரண்டாம் நாள். விடிகாலையில் போனார்கள், எட்டரைக்கு வெறும் வால்களோடு திரும்பினார்கள். வண்டி வாசலில் நின்றது. டாக்டர் லென்ஸைக் கழற்றப் போனபோது மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சார், துணி தொங்கிருச்சு. இப்பக் கிளம்புனா சரியா இருக்கும்."

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். கேட்கவே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், பார்வையிலேயே கேட்டார். அத்தான் வண்டியைச் சுற்றிவந்து பின் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு சார். மணல் பாதையில மாட்டிக்கும். பார்த்துட்டுத்தான் எடுக்கணும்."

டயர் கல் மாதிரி இருந்தது. முந்தாநாள் காற்று அடிக்கும்போது நானும் கூட இருந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படியாப்பா?" என்றார். நான் சாவிப் பலகையைப் பார்த்தேன். நாலாம் எண் கொக்கி காலியாக இருந்தது. "ஆமா சார்" என்று என் வாய் சொன்னது.

மாடியில் விரிப்புகள் திரும்பின. வாசலிலிருந்தே தெரிந்தது.

அக்கா காலிக் கூடையோடு இறங்கி வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்று, பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுந்தவில்லை.

"டயர்ல எல்லாம் இருக்கு. உங்களுக்குத்தான் எங்கேயோ இறங்கிருச்சு" என்று அத்தானிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். "நீயுமாடா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நாள் முழுக்கத் தோன்றியது.

அன்று சாயங்காலம் டாக்டர் அத்தானைத் தேடிக் கொட்டகைக்கு வந்தார். மறுநாள் மத்தியானம் கிளம்புகிறார். முழங்கால் முன்பு போல் இல்லை என்றும், அடுத்த வருஷம் வேறு கடற்கரை ஏதாவது பார்க்கலாமென்று மனைவி சொல்கிறாள் என்றும் சொன்னார். பிறகு, "உங்க மேல ஒரு குறையும் இல்ல. அஞ்சு வருஷம் என்னை இருட்டுல எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்று அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குறை சொல்லியிருந்தால் அத்தான் பதில் வைத்திருப்பார். அவர் போன பிறகு நீல நோட்டை எடுத்து ஒன்பதாம் நம்பர் பக்கத்தைத் திறந்தார். 'விடிகாலை' என்று எழுதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்துத் திருத்துவார் என்று நினைத்தேன். நோட்டை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் அவர் கேட்டிருக்கலாம். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பட்டும் என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பிவிட்டார். அக்கா இயந்திரத்துக்கு மறுநாள் வேண்டிய சோப்புத்தூளை அளந்துகொண்டே, நாளைக்கு மாடிக்குப் போகப் போவதில்லை, கொதிகலன் பக்கத்துத் தாழ்வாரத்திலேயே காயப்போட்டுக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். மழைக் காலத்தில் மட்டும் காயப்போடும் இடம் அது. தான் சொல்லி யார் பிழைப்பும் கெட வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டாள். அதுவும் என்னிடம்தான்.

மூன்றாம் நாள் ஆறரை மணிக்கு நான் மேசைக்கு வந்தபோது அத்தான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்றும் இல்லை, ஏழு கொடிகளும் வெறுமையாக இருந்தன. வண்டி சுத்தமாகத் துடைத்து நின்றது. அன்று விடிகாலையில் அவர் டாக்டரை எழுப்பவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் முறை.

திடீரென்று விறுவிறுவென்று சலவை அறைக்குள் போனார். அக்கா கொதிகலன் பக்கம் இருந்த நேரம். ஒரு கூடை நிறைய ஈர விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். நான் கொஞ்சம் விட்டுப் பின்னால் போய், படிக்கட்டின் மேல் திருப்பத்தில் நின்றேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு கைக்குட்டை காயப்போட்டு நான் பார்த்ததில்லை. லாரியில் தார்ப்பாய் கட்டுகிறவர் எப்படித் துணி காயப்போடுவாரோ அப்படிப் போட்டார். விரிப்பை இரண்டாக, பிறகு நாலாக மடித்துக் கொடியில் போட்டார். பறந்துவிடக் கூடாதென்று இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று கிளிப்பு. கீழ் முனைகளையும் இழுத்துச் சேர்த்து ஒரு கிளிப்பு. பிழியாத துணி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. ஆறு விரிப்பு போட்டு முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்.

துணிகள் அசையவில்லை. நாலு மடிப்பு ஈரத் துணி எப்படி அசையும்?

"தொங்கிருச்சு" என்றார் தனக்குத்தானே. என்னைத் தாண்டிப் படியில் இறங்கி ஓடினார். போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "பார்த்தியா மச்சான், இன்னிக்குச் சீக்கிரமே தொங்கிருச்சு. இதுல என்ன பெரிய வித்தை இருக்கு" என்றார். மணி ஏழு. அப்போது கிளம்பினால் மறுபடி வால்தான். எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன வேலை. ஆனால் முந்தைய நாளின் 'நீயுமாடா' இன்னும் காதில் இருந்தது. தாழ்வாரத்துக்கு ஓடி, அக்காவிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு ஏறினாள். நாலாய் மடித்துக் கட்டுண்டு கிடந்த தன் விரிப்புகளைப் பார்த்ததும் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே டாக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கொடியிலிருந்து ஒரு கிளிப்பைப் பிடுங்கி, கைப்பிடிச் சுவருக்கு வந்து, வண்டியின் கூரைமேல் போட்டாள். டொக் என்றது.

அத்தான் தலையை வெளியே நீட்டினார்.

அவள் முதல் விரிப்பின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முறுக்கிப் பிழிந்து, உதறி, ஒற்றையாக விரித்து, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு கிளிப்பு போட்டாள். அது எழும்பிக் கடல் பக்கமாக நீண்டு பறந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது வரைக்கும் அவசரப்படாமல் போட்டாள். இஞ்சின் நின்றுபோனதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தான் வண்டியை விட்டு இறங்கி, கதவில் சாய்ந்து நின்றார். டாக்டரும் இறங்கினார். அத்தான் அவரிடம், "அவ கை காட்டுறப்ப போகலாம் சார். அது வரைக்கும் டீ சாப்பிடுறீங்களா?" என்றார். 'அவ' என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை டீயை அவர் ஊதிக் குடித்த விதத்தில் பார்த்தேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் அந்த இரண்டு பேரும் அண்ணாந்து ஆறு படுக்கை விரிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டாம் எண் அறைக்காரர் வெளியே வந்து, என்ன தெரிகிறது என்று என்னிடம் விசாரித்துவிட்டு, தானும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டே முக்காலுக்கு விரிப்புகள் தொங்கின. அக்கா கையைத் தூக்கினாள். "நீங்களும் வாங்கம்மா" என்று டாக்டர் கத்தினார். இன்னும் பதினாறு தலையணை உறை இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். வண்டி மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது.

பத்தரைக்குத் திரும்பி வந்தார்கள். டாக்டர் மேசைமேல் காமிராவை வைத்து எனக்குக் காட்டினார். கரண்டிவாயன் நேராக எங்கள் இருவரையும் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சிறகும் அகலமாக, கால்கள் முன்னால் நீண்டு, அலகின் நுனியில் ஒரு சொட்டு வெயில். அக்கா பார்த்து, "இப்பத்தான் கரண்டி தெரியுது" என்றாள். அத்தான் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கேயே பார்த்துவிட்டேன் என்றார். பறவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பி இறங்கியபோது ஓட்டுநர் காமிராவைப் பார்க்கவே இல்லை, விடுதி மாடி இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து அச்சுப் போட்ட படம் வந்தது. கூடவே ஒரு கடிதம். அடுத்த வருஷமும் நாலாம் எண் அறையே வேண்டும், இடம் காட்டியவர் என்ற வரியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், அந்தச் சண்டையில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

துண்டுச் சீட்டையும் பேனாவையும் எடுத்துவைத்தேன். அத்தான் வந்து மேசையில் கையூன்றினார்.

"ஓட்டுநர்னு போடாத மச்சான். நியாயம்னு ஒண்ணு இருக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருந்தன்மை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'ஓட்டுநரின் மனைவி'ன்னு போடு."

அக்கா துண்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பவேயில்லை.

"தாராளமாப் போடு. அப்படியே அந்தப் பதினாலு படத்துக்குக் கீழயும் 'சலவை அறைக்காரியின் புருஷன்'னு மாத்தி எழுதிரு."

"அது எப்படி, நல்லாவா இருக்கும்?"

"இது மட்டும் நல்லா இருக்காக்கும்."

அத்தான் சுவரைப் பார்த்தார். பதினாலையும் பார்த்தார். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார் போல, உதடு அசைந்தது. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதலாளியம்மாவின் கட்டளைப்படி வேலையை மட்டும் எழுதினேன். இடம் காட்டியவர்: சலவை அறை. அக்கா பக்கத்தில் வந்து எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். "'ச' கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றாள். வேறு சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

படத்தை மாட்டியது அத்தான். ஆணி அடிக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினாலு படத்துக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தும், வாசல் கதவை ஒட்டிய மூலையில் அடித்தார். வெளிச்சம் அங்கேதான் சரியாக விழுகிறதாம். மறுநாள் காலையில்தான் எனக்கு விளங்கியது. வாசல் கதவை முழுக்கத் திறந்தால், அது போய் அந்தப் படத்தின்மேல் சாய்ந்து நிற்கும். எங்கள் விடுதியின் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருப்பது.

இருந்தாலும் இப்போது எந்த விருந்தினர் ஒன்பதாம் நம்பருக்குக் கேட்டாலும் அத்தான் மேலே கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை. நோட்டில் 'விடிகாலை' அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் 'மாடியைக் கேள்' என்று பென்சிலால், அழிக்க வசதியாக, எழுதியிருக்கிறது. அக்காவும் சும்மா இல்லை. அவர் கீழே நிற்பது தெரிந்தால், ஒரு தலையணை உறையை உதறுவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள்.

தினமும் காலையில் அத்தான் சாவி வாங்க வருகிறார். சுவரை ஒரு பார்வை பார்க்கிறார். போகும்போது கதவை அகலமாகத் தள்ளித் திறந்துவிட்டு, வண்டிப் பக்கத்தில் போய், அண்ணாந்தபடி நின்றுகொள்கிறார். அவர் கண் மாடியில் இருக்கும் அந்த நேரத்தில் நான் மேசையை விட்டு எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வருகிறேன்.